விடியும்வரை ஓடும் ஒரே ஷாட்: கூத்து வீடியோவின் நிறத்தைச் சீராக மாற்றுவது எப்படி?

மட்டக்களப்பு வாசகர் ஒருவரின் கேள்வி: எங்கள் ஊர் வடமோடிக் கூத்து அரங்கேற்றத்தை ஒரே கமராவில் பதிவுசெய்தேன். ஒயிட் பேலன்ஸை (எந்த வெளிச்சத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்ற கமரா அமைப்பை) 3200 கெல்வினில் வைத்திருந்தேன். மஞ்சள் மின்குமிழ் வெளிச்சத்தில் இரவுப் பகுதி நன்றாக இருக்கிறது. விடியத் தொடங்கியதும் முகங்கள் நீலம் பூத்துவிடுகின்றன. அதைத் திருத்தினால் இரவு செம்மஞ்சளாகிறது. வெட்டித் தனித்தனியாகத் திருத்தினால் வெட்டிய இடத்தில் நிறம் குதிக்கிறது. டாவின்சி ரிசோல்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் இதற்கு வழி உண்டா?

உண்டு. ஒயிட் பேலன்ஸை மாற்றாமல் வைத்திருந்தது உங்களுக்குப் பெரிய உதவி. ஓட்டோவில் விட்டிருந்தால் கமரா தன் போக்கில் நிறத்தை மாற்றிக்கொண்டே இருந்திருக்கும். நீங்கள் அதைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். இப்போது மாறியது வெளிச்சம் மட்டுமே. கெல்வின் எண் ஏற ஏற வெளிச்சம் மஞ்சளிலிருந்து நீலத்துக்குப் போகும். மஞ்சள் குமிழ் 3000 கெல்வினுக்கு அருகில் நிற்கும். சூரியன் எழுமுன் வானம் தரும் வெளிச்சம் 10,000 கெல்வினையும் தாண்டலாம். நம் பகுதி பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால், விடியல் வெளிச்சம் பரவத் தொடங்கிச் சூரியன் தெரிய 20 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் எடுக்கும். உங்கள் வேலை முழுவதும் அந்தக் குறுகிய நேரத்துக்குள்தான்.

வெட்ட வேண்டாம். கலர் பக்கத்தில் இரண்டு நோட் (நிறத் திருத்தத்துக்கான தனித்தனிப் பெட்டிகள்) வையுங்கள். முதல் நோட்டில் இரவுக்கான திருத்தத்தை மட்டும் செய்யுங்கள். அதில் எதையும் அசைக்கக் கூடாது. பிளேஹெட்டை நன்றாக விடிந்த இடத்துக்குக் கொண்டுபோய், இரண்டாவது நோட்டில் நீலத்தைக் குறைத்து முகங்களைச் சரிசெய்யுங்கள். இப்போது இந்தத் திருத்தம் இரவையும் கெடுத்திருக்கும், கவலை வேண்டாம். கீ என்ற பகுதியில் 'கீ அவுட்புட்' கெயின் இருக்கிறது. அது 0 என்றால் அந்த நோட் வேலை செய்யாது. 1 என்றால் முழுதாக வேலை செய்யும். காலத்தோடு மாற வேண்டியது இந்த ஒரே எண்தான். நிறச் சக்கரங்கள், கொன்ட்ராஸ்ட், சற்றுரேஷன் எல்லாவற்றையும் தனித்தனியே அசைப்பவர்கள் நடுவில் எங்கே பிழைத்தது என்று கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இனிக் கீஃபிரேம் (ஒரு குறித்த நேரத்தில் மதிப்பு என்னவென்று இடும் அடையாளம்) பகுதியைத் திறந்து, வானம் வெளிறத் தொடங்கும் இடத்தில் இரண்டாவது நோட்டின் வரிசையில் வலது கிளிக் செய்து டைனமிக் கீஃபிரேம் ஒன்றை இடுங்கள், கெயின் 0. நன்றாக விடிந்த இடத்தில் இன்னொன்று, கெயின் 1. இடைப்பட்ட மதிப்புகளை மென்பொருளே நிரப்பும். பதிப்புக்குப் பதிப்பு திரையின் தோற்றம் மாறினாலும் முறை இதுதான்.

ஆனால் விடியல் நேர்கோட்டில் வருவதில்லை. முதலில் மிக மெல்ல, பிறகு வேகமாக வெளிக்கும். ஆகவே இரண்டு கீஃபிரேம் மட்டும் போதாது. நடுவில் ஒன்று தேவைப்படும். அதை எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது என்று கண்ணை நம்பித் தீர்மானிக்காதீர்கள். திரையை நெடுநேரம் பார்த்த கண் நீலத்துக்குப் பழகிவிடும். களரியின் (ஆடுமிடத்தின்) நடுவே நிற்கும், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் வெள்ளை வேட்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று நிறங்களின் அளவையும் தனித்தனி வரைபடமாகக் காட்டும் பரேட் ஸ்கோப்பில் அந்த வேட்டியின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். இரவுக் காட்சியிலிருந்து ஒரு ஸ்டில் (அசையாப் படம்) எடுத்து வைத்து, வைப் செய்து (திரையைப் பிரித்து இரண்டையும் காட்டி) பக்கத்தில் ஒப்பிடுங்கள். ஆட்டக்காரர் அணியும் கரப்புடுப்பின் மினுக்கங்களை அளவுகோலாக எடுக்க வேண்டாம். சுற்றியுள்ள நிறமெல்லாம் அவற்றில் தெறிக்கும்.

மூன்று நான்கு கீஃபிரேமுக்கு மேல் போகாதீர்கள். அதிகமானால் நிறம் ஏறி இறங்கும். அதைச் சாதாரண வேகத்தில் கவனிக்க முடியாது. எல் விசையைத் திரும்பத் திரும்ப அழுத்தி வேகமாக ஓட்டிப் பாருங்கள். துடிப்பு உடனே தெரியும்.

குதிப்பு தேவைப்படும் இடமும் உண்டு. விடிந்தபின் யாரோ மின்குமிழ்களை அணைத்திருப்பார்கள். அல்லது நீங்களே ஐஎஸ்ஓவை (கமராவின் ஒளியுணர் அளவை) குறைத்திருப்பீர்கள். அங்கே வெளிச்சம் ஒரு நொடிக்குள் மாறியிருக்கும். அதை மெல்ல மாறும் கீஃபிரேமால் மறைக்கப் பார்த்தால் முன்னும் பின்னும் இரண்டுமே கெடும். மூன்றாவது நோட் ஒன்றைச் சேர்த்து, மாற்றம் நிகழும் அதே ஃபிரேமில் ஸ்டாட்டிக் கீஃபிரேம் இடுங்கள். அது இடைநிரப்பாமல் அப்படியே தாவும்.

என்னுடைய உறுதியான கருத்து ஒன்று: முடிவில் கெயினை 1 வரை கொண்டுபோகாதீர்கள். 0.7 அளவில் நிறுத்திப் பாருங்கள். இரவு முழுவதும் ஆடி, விடியலில் மங்களம் பாடும் கலை இது. அந்த வெளுப்பும் குளிர்ச்சியும் கூத்துக்குச் சொந்தமானவை. முகத்தில் உயிர் இருக்க வேண்டும். ஆனால் விடிந்துவிட்டது என்று பார்ப்பவருக்குத் தெரியவும் வேண்டும். முற்றாக வெளுத்துப்போன வானத்தில் விவரம் பதிவாகியே இருக்காது. அதை எந்த நோட்டாலும் மீட்க முடியாது.

அடோபி பிரீமியரில் செய்பவர்கள், வீடியோவுக்கு மேலே வைக்கும் அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் லுமெட்ரி என்ற நிறத் திருத்தத்தைப் போட்டு, அந்த லேயரின் ஒபாசிட்டியை (எவ்வளவு தெரிய வேண்டும் என்ற அளவை) 0 இலிருந்து மேலே கொண்டுபோகலாம். கைபேசிச் செயலியில் கீஃபிரேம் வசதி இருந்தால், அதே வீடியோவைப் பிரதி எடுத்து மேல் அடுக்கில் ஒரு ஃபிரேமும் பிசகாமல் பொருத்தி, அதை விடியலுக்குத் திருத்தி, அதன் ஒபாசிட்டியை மெல்ல ஏற்றுங்கள். மேல் அடுக்கின் ஒலியை அணைக்க மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் மத்தளமும் சல்லரியும் இரட்டித்துக் கேட்கும்.