ராத் என்பது பச்சைப் பன்றியா, ஆமையா?

ஆலிஸ் கதையில் வரும், இட்டுக்கட்டிய சொற்கள் நிறைந்த ‘ஜாபர்வாக்கி’ பாட்டில் டோவ், போரோகோவ், ராத் எல்லாம் என்ன பிராணிகள், ஏன் ஆளுக்கு ஒரு அர்த்தம் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பரீட்சைக்குத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் ராத் என்றால் பச்சைப் பன்றி என்று எழுதிவிட்டு வாருங்கள். நான் ஆமை என்று எழுதி இரண்டு மதிப்பெண் இழந்தவன்.

இத்தனைக்கும் நான் எழுதியது தப்பில்லை. லூயிஸ் கரோல் 1871-ல் வெளியிட்ட இரண்டாவது ஆலிஸ் கதையில், மதில்மேல் உட்கார்ந்திருக்கும் முட்டை ஆசாமி ஹம்ப்டி டம்ப்டி இந்தச் சொற்களுக்கு விளக்கம் சொல்வார். டோவ் என்பது கொஞ்சம் வளைக்கரடி, கொஞ்சம் பல்லி, கொஞ்சம் கார்க் திருகி, சீஸ் தின்னும். போரோகோவ், இறகெல்லாம் துருத்திக்கொண்டு உயிருள்ள மாப் மாதிரி இருக்கும் ஒல்லிப் பறவை. ராத், பச்சைப் பன்றி. சரி.

ஆனால் பாட்டின் முதல் நான்கு வரியை கரோல் எழுதியது 1855-ல். ‘மிஷ்மாஷ்’ என்று வீட்டாருக்காகக் கையால் எழுதிய பத்திரிகை ஒன்று வைத்திருந்தார். ஏதோ பழங்கால ஆங்கிலச் செய்யுள் கிடைத்த மாதிரி பாவனை பண்ணி, கீழே அருஞ்சொற்பொருளும் கொடுத்தார். அதில் ராத் ஒரு நில ஆமை! சுறா வாய், முட்டி போட்டு நடக்கும், சிப்பியும் தகைவிலான் குருவியும் ஆகாரம். போரோகோவ் சிறகில்லாத கிளி. பன்றியானாலும் ஆமையானாலும் பச்சை நிறம் மட்டும் மாறவில்லை.

இதைக் கல்லூரி நூலகத்தில் ஒரு உரைப்பதிப்பில் படித்துவிட்டுத்தான் எழுதினேன். பேராசிரியை சிவப்பு மையில் கோடு போட்டு, பக்கத்தில் கேள்விக்குறியும் வைத்தார். புத்தகத்தைக் காட்டலாம் என்றால் அது வெளியே தராத பிரிவில் இருந்தது. நகல் எடுக்கும் இயந்திரம் மூன்று வருடமும் பழுது. படிக்கிறவன் கையில் கொடுக்க மாட்டேன் என்றால் எதற்கு ஐயா வாங்கி அடுக்குகிறீர்கள்? கையால் எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். “பாடத்தில் இருப்பதை எழுது” என்றார்.

‘பாடத்தில் கேட்டால் பாடத்திலிருந்துதானே எழுதணும்’ என்று இங்கே யாராவது வருவீர்கள். கேள்வியில் ‘ராத் என்றால் என்ன’ என்று மட்டும்தான் இருந்தது, ஹம்ப்டி டம்ப்டி பெயரே இல்லை.

அப்புறம் அதே பாட்டில் வரும் ‘ஸ்லைதி’. ‘லைத்’ (நெளிவான), ‘ஸ்லைமி’ (வழவழப்பான) என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் ஒரே பெட்டியில் திணித்த சொல். வழுக்கவும் வேண்டும், நெளியவும் வேண்டும். தமிழில் நான் ‘வழுநெளி’ என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். வழு என்றால் இலக்கணத்தில் பிழை என்பது எனக்கும் தெரியும், யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

அதை ‘ஸ்லித்தி’ என்று வாசிக்காதீர்கள். இகரம் அல்ல, ‘ஐ’ ஓசை என்று 1876-ல் ‘ஸ்னார்க் வேட்டை’ என்ற தன் இன்னொரு பாட்டின் முன்னுரையில் கரோலே எழுதியிருக்கிறார். எங்கள் பேராசிரியை வருடம் முழுக்க ‘ஸ்லித்தி’ என்றுதான் வாசித்தார்.