ஆப்பிள் கன்றில் சொறி: கொய்யாவுக்கும் வருமா?

கேள்வி: ஐயா, வணக்கம். அலங்காநல்லூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் கொய்யா வைத்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாற்றுப் பண்ணைக்காரர், சமவெளியிலும் காய்க்கும் என்று சொல்லி 40 ஆப்பிள் ஒட்டுக்கன்று கொடுத்தார். அவர் சொன்னபடி கார்த்திகையில் இலையை உருவிவிட்டு, கவாத்தும் செய்தோம். இப்போது மாசியில் பதினைந்து மரங்களில் கிளைப்பட்டை அமுங்கி, கறுத்து, வெடிக்கிறது. காய்த்த எட்டுப் பத்துக் காயும் பூ முனையில் பழுப்பு வளையம் போட்டு அழுகிவிட்டது. வெளிநாட்டு ஆப்பிள் தோட்டங்களில் வரும் சொறி நோய் ஆராய்ச்சியை மகன் படித்துக் காட்டினான். அதேதானா? கொய்யாவுக்கும் பரவுமா? கடைக்காரர் கார்பென்டசிம் என்ற பூஞ்சாண மருந்தை வேரில் ஊற்றி, டானிக்கும் அடிக்கச் சொல்கிறார்.

பதில்: அண்ணே, மகன் படித்தது நியோநெக்ட்ரியா டிடிசிமா என்ற பூஞ்சாணத்தைப் பற்றியதாக இருக்கும். ஐரோப்பாவிலும் நியூசிலாந்திலும் ஆப்பிள்காரர்களைத் தூங்கவிடாத நோய் அது. குளிரும் விடாத தூறலும் அதற்கு வேண்டும். மார்கழி விடியலில்கூட 20 டிகிரியை ஒட்டி நிற்கிற நம் ஊரில் அது நிலைப்பது கடினம். அது வந்த பட்டை ஓரத்தில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாகச் சிவப்பு மணிகள் தெரியும். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பதோ மிளகைப் பொடித்துத் தூவியது போன்ற கறுப்புப் புள்ளிகள். உஷ்ணத்தை விரும்பும் லேசியோடிப்ளோடியா, பாட்ரியோஸ்ஃபேரியா என்ற பூஞ்சாணக் கூட்டத்தின் சாயல் இது. பூ முனையிலிருந்து காயை வளையம் வளையமாக அழுக வைப்பதும் அந்தக் கூட்டத்தின் வேலைதான்.

கொய்யாவுக்குப் பரவுமா என்றால், அது ஏற்கெனவே அங்கே இருக்கலாம். மாவில் நுனி காய்வதும் பிசின் வடிவதும் இதே லேசியோடிப்ளோடியாவால்தான். திடமான மரத்துக்குள் சத்தமில்லாமல் கிடக்கும். வறட்சியோ வெயில் சூடோ வெட்டுக்காயமோ மரத்தைத் தளர்த்தினால் எழுந்துவிடும். கொய்யாக் காயில் துருப்பிடித்த மாதிரி சொரசொரப்பாக வரும் சொறி வேறு. அது பெஸ்டலோசியாப்சிஸ் என்ற இன்னொரு பூஞ்சாணம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. கார்த்திகையில் ஏன் இலையை உருவினீர்கள்?

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் குளிர்காலம் கிடையாது. அங்கே ஆப்பிள் மரத்தைக் கையால் இலை உருவித்தான் பூக்க வைக்கிறார்கள். முறை பொய்யில்லை, பருவம்தான் தப்பு. ஒவ்வொரு இலை போன இடமும் ஒரு புண். அந்த ஐரோப்பிய நோயில் ஆராய்ச்சிக்காரர்கள் திரும்பத் திரும்பக் கண்டதும் இதுதான்: இலை உதிர்ந்த தழும்பு, காய் பறித்த காம்புப் புண், கவாத்து வெட்டு, இந்த மூன்று வழியாகத்தான் பூஞ்சாண வித்து பெரும்பாலும் நுழைகிறது. அதனால்தான் அங்கே இலை உதிரும் சமயத்தில் தாமிர மருந்து அடிக்கிறார்கள். நீங்கள் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது ஒவ்வொரு மரத்திலும் நூற்றுக்கணக்கான புண்ணைத் திறந்து வைத்துவிட்டீர்கள். பூஞ்சாணம் வேறாக இருந்தாலும் வாசல் அதேதான்.

முப்பது வருடமாக நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்த விஷயம் ஒன்று உண்டு. ஈரத்தில் மரத்தின் மேல் கத்தி வைக்காதீர்கள். ஆப்பிள், கொய்யா, மா, மாதுளை எதுவானாலும் சரி. ஐப்பசி, கார்த்திகையில் கூலியாள் சுலபமாகக் கிடைக்கிறார் என்று கவாத்து செய்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூலியைப்போல் பல மடங்கு தை, மாசியில் மருந்துக்கடைக்குப் போகிறது. மழை விட்டு, பட்டை காய்ந்து, அடுத்த நான்கைந்து நாள் வானம் வெளுத்திருக்கும் என்றால் மட்டும் கத்தரியை எடுங்கள். நோய் மரத்தைக் கடைசியாக வெட்டுங்கள். ஒரு மரம் முடிந்ததும் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரு பாட்டில் ஸ்பிரிட் நாள் முழுக்க வரும்.

கடைக்காரர் சொன்னதை விடுங்கள். செத்த பட்டையில் சாறு ஓடாது, வேரில் ஊற்றிய மருந்து அங்கே போய்ச் சேராது. டானிக் அவர் கல்லாவுக்குத்தான் டானிக். கன்று விற்றவர் மேல் எனக்கு அதைவிடக் கோபம். குளிர் குறைவாகத் தேவைப்படும் அன்னா என்ற ஆப்பிள் ரகத்துக்கே இயல்பாகப் பூக்க வருடத்தில் இருநூறு மணி நேரத்துக்கு மேல், 7 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும் என்பார்கள். மதுரையில் ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது. இதை மறைத்து விற்பது அநியாயம். இன்னொன்று, சொறி நாற்றங்காலிலேயே புகுந்து, நட்டுச் சில வருடம் அடையாளமே காட்டாமல் இருந்து வெளிப்படும் என்பதை ஐரோப்பிய நோயில் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். கன்று எங்கே ஒட்டுக் கட்டியது என்று கேட்டு, பதில் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

சரி, இப்போது வேலை. மாசி வெயில் இதற்குத் தோது. கறுத்த இடத்துக்கு அரை அடி கீழே, உள்மரம் வெள்ளையாகத் தெரியும்வரை வெட்டுங்கள். கிளையையும் சுருங்கித் தொங்கும் காயையும் வயலில் போடாமல் எரித்துவிடுங்கள். வெட்டிய அன்றே போர்டோ பசை பூசுங்கள்: 100 கிராம் மயில்துத்தம் அரை லிட்டர் தண்ணீரில், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு அரை லிட்டரில், தனித்தனியாகப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, பிறகு சேருங்கள். தேய்த்த இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்குங்கள். செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். அன்றைக்குக் கரைத்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். சித்திரை வெயில் மேற்கே நின்று பட்டையைச் சுடும் முன், அடிமரத்துக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். கொய்யாவுக்கும் சேர்த்துத்தான்.

அடிமரத்திலேயே சொறி சுற்றி வந்த கன்றுகளைப் பிடுங்கிவிடுங்கள். மனசு கேட்காது, தெரியும். ஆனால் அந்த இடத்தில் கொய்யா வைத்தால் இரண்டாம் வருடம் காசு பார்ப்பீர்கள்.

வெட்டும் முன், உயிருள்ள பட்டையும் செத்த பட்டையும் சேரும் ஓரத்தில் விரல் நீளத் துண்டு நான்கைந்து எடுத்து, செய்தித்தாளில் சுற்றி, ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் தாவர நோயியல் துறையில் கொடுங்கள். பாலிதீன் பையில் போடாதீர்கள், வேர்த்துப்போய் வேறு பூஞ்சை ஏறிவிடும்.