இது வேலையா, படிப்பா?

அன்புள்ள அக்கா,

நான் மண்டபம் பக்கத்து ஊர்க்காரி. அப்பா விசைப்படகில் டிரைவர். கடற்புல்லில் ஆய்வு செய்து, போன மாதம் வாய்மொழித் தேர்வும் முடிந்து, முனைவர் பட்டம் வாங்கிவிட்டேன். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் 2 ஆண்டுக்குப் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு இடம், கிடைத்திருக்கிறது. இங்கே ஒரு தனியார் கல்லூரியிலும் உதவிப் பேராசிரியராக வரச் சொல்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அப்பா வீட்டில்தான் இருக்கிறார். “டாக்டர் பட்டந்தான் வாங்கியாச்சே தாயி, இன்னும் என்னத்தப் படிக்கப் போற? இது வேலையா, படிப்பா?” என்று தினமும் கேட்கிறார். எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அம்மாவுக்கு என் கல்யாணக் கவலை. எனக்கு 29 முடிந்துவிட்டது. 2 ஆண்டு கழித்து வெறுங்கையோடு வந்து நின்றால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. நீங்களும் போஸ்ட்டாக் செய்தவர் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். போகலாமா அக்கா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புத் தங்கச்சிக்கு,

முதலில் அப்பாவுக்குப் பதில் சொல்லிவிடுவோம். இது வேலை. படிப்பு உங்கள் வாய்மொழித் தேர்வன்றே முடிந்துவிட்டது. போஸ்ட்டாக்கில் பரீட்சை இல்லை, முடிவில் பட்டமும் இல்லை. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆய்வு செய்யும் வேலை. ஆனால் நிரந்தர வேலை இல்லை, கெடு வைத்த வேலை. இந்த இரண்டையும் சேர்த்தே அப்பாவிடம் சொல்லுங்கள். பாதியை மறைத்தால் பின்னால் உங்களுக்குத்தான் கஷ்டம்.

அவருக்குப் புரிகிற கணக்கிலேயே சொல்லலாம். அவர் சம்மாட்டியின், அதாவது படகு முதலாளியின், படகில் டிரைவராகப் போகிறார் இல்லையா? எந்தப் பக்கம் ஓட்டுவது, எங்கே வலையை விடுவது என்பது அவர் முடிவு. அந்தத் தொழிலை அவருக்கு யாரும் இனிமேல் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் படகும் வலையும் டீசலும் சம்மாட்டியுடையவை. போஸ்ட்டாக்கும் அப்படித்தான். ஆய்வகம், கருவி, பணம் எல்லாம் பேராசிரியர் கொண்டுவந்தவை. தொழில் தெரிந்த ஆள் நீங்கள். முனைவர் பட்டக் காலத்தில் நீங்கள் கூடப் போய்க் கற்றுக்கொண்டீர்கள். இப்போது ஓட்டப் போகிறீர்கள். அடுத்து சொந்தப் படகு. அதாவது சொந்த ஆய்வுக்குழுவோ நிரந்தரப் பணியோ. ஓட்டுகிற எல்லோருக்கும் சொந்தப் படகு அமைவதில்லை என்பதும் அப்பாவுக்குத் தெரியும்.

நான் பாம்பன்காரி. 3 ஆண்டு ஐரோப்பாவில், பிறகு 2 ஆண்டு இந்தியாவில் என்று இரண்டு போஸ்ட்டாக் செய்தேன். ஐரோப்பாவில் முதல் ஆறு மாதம் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், கேளுங்கள். ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டுக் கடற்புல் இலைகளைப் பரப்புவேன். நுண்ணோக்கிக்கு வைக்கும் கண்ணாடிச் சில்லின் விளிம்பால் இலைமேல் ஒட்டியிருக்கும் பாசியை வழித்தெடுப்பேன். இலை கிழியக் கூடாது, பாசி மிஞ்சவும் கூடாது. அப்புறம் இலை தனி, தண்டு தனி, வேர் தனி. அலுமினியத் தாளைச் சின்னப் படகு மாதிரி மடித்து ஒவ்வொன்றையும் அதில் வைத்து, 60 டிகிரியில் 48 மணி நேரம் காயவைத்து எடை போடுவேன். ஒரு நாளைக்கு இருபது படகு. நீங்களும் இதைச் செய்திருப்பீர்கள். வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த ஆறு மாதமும் அது வேறொருவர் கேட்ட கேள்விக்கான எடை. எனக்கென்று ஒரு கேள்வி இல்லை. மாலையில் அறைக்கு வந்தால், இன்று நான் போகாமல் வேறு யாராவது போயிருந்தாலும் இதே எண்கள்தானே வந்திருக்கும் என்று தோன்றும். அந்த எண்ணத்தோடு ஆறு மாதம் இருப்பது சிரமம்.

அதிலிருந்து என்னை மீட்டது நம் கடல்தான். ஒருநாள் குழுக் கூட்டத்தில், புல்வெளியில் சேர்கிற கார்பனைக் கணக்கிடுவது பற்றிப் பேச்சு வந்தது. எனக்குச் சட்டென்று ஊர் ஞாபகம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கலங்கும், படகுகள் வடகடலுக்கு (பாக் நீரிணைப் பக்கம்) போகும். வாடை அடிக்கிற மாதங்களில் வடகடல் கலங்கும், தொழில் தென்பக்கம் திரும்பும். அந்த வாடையில்தான் வடகடல் கரையோரம் தாழை என்று நாம் சொல்லும் கடற்புல் ஒதுங்கி, முழங்கால் உயரத்துக்குக் குவிந்து நாறிக் கிடக்கும். சின்ன வயதில் அதன்மேல் மிதித்து மிதித்து நடப்போம், மெத்தை மாதிரி அமுங்கும். இப்படிக் கரைக்கு வந்து மட்கிப்போகிற தாழை நம் கணக்கில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். யாரும் உடனே பதில் சொல்லவில்லை. பேராசிரியர், அதை நீ எழுது என்றார். அன்றிலிருந்துதான் நான் போஸ்ட்டாக். அதுவரை மாதிரி கழுவுகிற ஆள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், போகலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. திரும்பி வரும்போது உங்களுடையது என்று சொல்ல ஒரு கேள்வி கையில் இருக்கும் என்றால் போங்கள். அது இருந்தால் 2 ஆண்டு கழித்து வெறுங்கை இல்லை. அது இல்லாமல் கட்டுரை எண்ணிக்கை மட்டும் கூடினால் அடுத்த நேர்காணலிலேயே தெரிந்துவிடும். தேர்வுக் குழுவில் யாராவது ஒருவர், “சரி, இதில் உங்கள் யோசனை எது?” என்று கேட்பார். நான் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

அங்கே பால்டிக் கடற்கரையில் பெரும்பாலும் ஒரே இனம்தான், ஸோஸ்டெரா மரீனா. பாக் நீரிணையில் புல்லை எண்ண நீங்கள் போடும் ஒரு சதுர மீட்டர் சட்டத்துக்குள்ளேயே பல இடங்களில் மூன்று நான்கு இனம் கலந்து நிற்கும். ஒரே இனப் புல்வெளியில் பழகியவர்களுக்கு நீங்கள் கொண்டுபோகும் கண் புதிது. தயங்காமல் முதல் மாதமே பேசுங்கள். என்னைப் போல ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: எண்களையும் படங்களையும் எடுத்துப் போகலாம், செடியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பக் கூடாது. உயிர்மாதிரிகளை ஆய்வுக்காக வெளிநாட்டுக்கு அனுப்ப, 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின்படி சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா என்பதால் அங்கே எடுப்பதற்கே வனத்துறை அனுமதி வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். பேராசிரியர் அவசரப்படுத்தினாலும் இதில் குறுக்கு வழி வேண்டாம்.

இனி காசு விஷயம். சம்பளம் பற்றிக் கேட்கக் கூச்சப்படுகிறீர்கள் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. ஒரு வரிகூட இல்லையே! கேளுங்கள். வருவது ஒப்பந்தச் சம்பளமா, உதவித்தொகையா என்பதுதான் முதல் கேள்வி. ஜெர்மனியில் ஒப்பந்தம் என்றால் நீங்கள் பல்கலைக்கழக ஊழியர். பொதுவாக டிவி-எல் 13 என்ற ஊதிய நிலையில் வைப்பார்கள். மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு எல்லாம் சம்பளத்தோடு சேர்ந்து வரும். உதவித்தொகை என்றால் வரி குறைவு, கையில் வருவது நன்றாகக்கூடத் தெரியும். ஆனால் அந்தப் பாதுகாப்பு கிடையாது, காப்பீட்டை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். 2 ஆண்டு என்று அவர்கள் சொல்வது முழு 2 ஆண்டா, ஒன்று கூட்டல் ஒன்றா என்றும் எழுத்தில் வாங்குங்கள். எனக்கு ஒரு இடத்தில் நீட்டிப்பு நிச்சயம் என்று வாயால் சொல்லி வைத்திருந்தார்கள். ஒப்பந்தம் முடிய மூன்று வாரம் இருக்கும்வரை காகிதம் வரவில்லை. அறையைக் காலி செய்வதா வேண்டாமா என்று தெரியாமல் புத்தகங்களைப் பெட்டியில் கட்டிவைத்துவிட்டு, வேண்டியபோது பெட்டியைப் பிரித்துப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நீட்டிப்பு வந்தது. ஆனால் காத்திருந்த அந்த நாட்களில் ஒரு பத்தி உருப்படியாக எழுதவில்லை.

அம்மாவின் கவலைக்கும் ஒரு தகவல் வைத்திருக்கிறேன். அந்த நாட்டில் பட்டம் பெற்ற பிறகு இப்படித் தற்காலிக ஒப்பந்தத்தில் இருக்கப் பொதுவாக 6 ஆண்டுதான் சட்டம் இடம் கொடுக்கிறது. குழந்தை வளர்ப்பவர்களுக்கு ஒரு குழந்தைக்கு 2 ஆண்டு கூட்டிக்கொள்ளலாம். கல்யாணம் செய்தால் இந்தப் பாதை அடைபட்டுவிடும் என்பதில்லை. எப்போது, யாரோடு என்பது உங்கள் முடிவு, அதில் நான் வரமாட்டேன். அடைபடும் என்று சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் அது உண்மையில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

வெளிநாடு வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் கதவு மூடவில்லை. தேசிய முதுமுனைவர் உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது. முன்பு மத்திய அரசின் ஆய்வு நிதி அமைப்பான செர்ப் நடத்தியது, இப்போது அந்த அமைப்பு அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளைக்குள் வந்துவிட்டது. செர்ப் காலத்து விதிப்படி 2 ஆண்டு, மாதம் 55,000 ரூபாயும் வீட்டுவாடகைப் படியும், ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 2 லட்சமும். வயது வரம்பு 35, பெண்களுக்கு 5 ஆண்டுத் தளர்வு. இல்லையென்றால் ஒரு திட்டத்தில் ஆய்வு இணையர் (ரிசர்ச் அசோசியேட்) வேலை. மத்திய அரசின் 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதன் முதல் நிலைக்கு மாதம் 58,000 ரூபாய். காகிதத்தில் தொகை சரிதான். ஆனால் பணம் மாதாமாதம் வராது என்று வைத்துக்கொண்டே வீட்டுக் கணக்கைப் போடுங்கள். எனக்கு ஒருமுறை ஐந்து மாதம் வரவில்லை, தங்கச்சி. என் அக்காவின் வளையலை அடகு வைத்து வாடகை கட்டினேன். நாட்டின் ஆய்வுக்கூடங்களை ஓட்டுகிற பிள்ளைகளை இப்படிக் கடன் வாங்க வைப்பது பெரிய தப்பு. எங்கே பேசினாலும் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தனியார் கல்லூரி வேலையை நான் குறைவாகச் சொல்லமாட்டேன். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடலைத் தெரிந்த ஒருவர் விலங்கியல் நடத்துவது நல்ல காரியம். ஆனால் வாரம் முழுக்க வகுப்பும், விடைத்தாளும், சேர்க்கைக்கு ஊர் ஊராக அலைவதுமாக இருந்துவிட்டு அங்கிருந்து ஆய்வுக்குத் திரும்பியவர்கள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. கல்லூரிக்கு இரண்டு ஆண்டு கழித்தும் போகலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளில், நேர்காணலுக்கு ஆள் வடிகட்டும் மதிப்பெண்ணில் கற்பித்த அனுபவமும் போஸ்ட்டாக் அனுபவமும் ஒரே வரிசையில்தான் இருக்கின்றன. ஆண்டுக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 10. ஆகவே ஜெர்மனியில் கழியும் 2 ஆண்டு அங்கே கணக்கில் விழாமல் போகாது.

அப்புறம் திரும்பி வர இடம் இருக்கிறதா என்ற பயம். ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தொடங்கியது. கொச்சிக்கு 1971-இல் போகும்வரை அதன் தலைமையகம் உங்கள் மண்டபம் கேம்ப்தான். இன்றும் அங்கே அதன் மண்டல நிலையம் இருக்கிறது. பாசி ஆராய்ச்சிக்கு மத்திய உப்பு, கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் அதே மண்டபத்தில். வடக்கே தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை. எல்லாரும் பெங்களூர், சென்னை என்று தேடுகிற துறைகள் எத்தனையோ உண்டு. உங்கள் துறைக்கு உலகத்திலிருந்து ஆட்கள் வந்து இறங்குகிற இடம் உங்கள் வீட்டு வாசல். காலிப்பணியிடம் எப்போது வரும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. போனாலும் இங்கிருக்கிற வழிகாட்டியோடும் நிலையத்து ஆட்களோடும் பேச்சை விடாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை வாடைக்காலத்தில் வந்து களவேலை செய்ய முடியுமா என்று இப்போதே பேராசிரியரிடம் கேட்டுவையுங்கள். உங்கள் திட்டத்துக்கும் அது நல்லது, அப்பா அம்மாவும் உங்களைப் பார்த்த மாதிரி இருக்கும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். அந்தப் பேராசிரியரிடம் முன்பு போஸ்ட்டாக் இருந்தவர்கள் பெயரை ஆய்வகத்தின் பழைய கட்டுரைகளிலிருந்து எடுங்கள். மூன்று பேருக்காவது எழுதுங்கள். முடிந்தால் அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், ஒருவர் நம் மாதிரி தூர நாட்டுக்காரராக இருக்கட்டும். இப்போது எங்கே இருக்கிறீர்கள், உங்கள் யோசனையை உங்கள் பெயரில் எழுத விட்டாரா, கிளம்பும்போது தரவுகளைக் கொண்டுபோக விட்டாரா, விடுப்புக் கேட்டால் முகம் எப்படி மாறும் – இவ்வளவுதான். மெயிலில் பாதிப் பேர் பூசி மெழுகுவார்கள், அதனால் போனில் பேச நேரம் கேளுங்கள். படகில் ஏறுவதற்கு முன்னால் அப்பா அந்தச் சம்மாட்டியைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்காமலா ஏறியிருப்பார்?

தடைக்காலம் ஜூன் 14 வரை இருக்கிறது. அப்பா கடலுக்குப் போவதற்கு முன் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து இந்தப் படகுக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். அவர் என்ன திருப்பிக் கேட்டார் என்றும், அந்த மூன்று பேர் என்ன சொன்னார்கள் என்றும் எனக்கு எழுதுங்கள். ஒப்பந்தக் காகிதம் வந்தால் அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
அக்கா