குளிர்கால ஓட்டம்: உள்ளே எதை உடுப்பது?

கேள்வி: கனடாவில், ஸ்காபரோவில் வசிக்கிறேன். வயது 42. கோடையில் தொடங்கிய ஓட்டத்தைக் குளிர்காலத்திலும் விடக்கூடாது என்று இருக்கிறேன். காலையில் மைனஸ் 8 அளவில் 40 நிமிடம் ஓடுவேன், இடையிடையே நடப்பேன். பருத்தி பெனியன், அதன்மேல் தடித்த ஃபிளீஸ், அதற்கும் மேல் குளிர்கால ஜக்கெற் போடுகிறேன். முதல் 15 நிமிடத்தில் வேர்த்துக் கொட்டுகிறது. நடக்கத் தொடங்கினால் முதுகு சில்லிட்டு நடுங்குகிறது. கடையில் 25 டொலருக்கும் தேர்மல் உள்ளுடுப்பு இருக்கிறது, 120 டொலருக்கும் இருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: உங்கள் நடுக்கத்துக்குக் காரணம் முதுகோடு ஒட்டிக் கிடக்கும் அந்த நனைந்த பெனியன். முதலில் அதைக் கழற்றுங்கள். 25 டொலரா 120 டொலரா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

ஓடும்போது உடம்பு உண்டாக்கும் வெப்பம் மிக அதிகம். அதனால்தான் மைனஸ் 8இலும் வேர்க்கிறது. பருத்தி அந்த வேர்வையை நாருக்குள் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், இலகுவில் விடாது. தண்ணீரோ, அசையாத காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். போதாக்குறைக்கு ஒவ்வொரு கிராம் வேர்வையும் உலர்ந்து ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் வெப்பம் தேவை. அதில் பெரும்பங்கு உங்கள் உடம்பிலிருந்துதான் போகும். ஓடிக்கொண்டிருக்கும்வரை இந்த இழப்பை உடம்பு ஈடுகட்டிவிடும். நடக்கத் தொடங்கியதும் வெப்பம் உண்டாவது சட்டென்று குறைகிறது, பெனியனின் ஈரம் மட்டும் அப்படியே இருக்கிறது. நீங்கள் சொல்லும் சில்லிடல் இதுதான்.

ஆகவே தோலோடு ஒட்டி உடுக்கும் பேஸ் லேயரிடம் சூட்டை எதிர்பார்க்காதீர்கள். தோலை உலர்வாக வைத்திருப்பதே அதன் வேலை. சூட்டை மேலே போடும் உடுப்புகள் பார்த்துக்கொள்ளும். பெட்டியில் ‘தேர்மல்’ என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும், உள்ளே கழுத்தோரம் அல்லது இடுப்போரம் தைத்திருக்கும் சிறு துணிச்சீட்டைப் புரட்டிப் பாருங்கள். அதில் பருத்தி பாதியளவு இருந்தால்கூடத் திருப்பி வைத்துவிடுங்கள்.

சாதாரண அறை ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் 7 முதல் 8 வீதம் ஈரத்தை வைத்திருக்கும். பொலியெஸ்ரர் வைத்திருப்பது 0.4 வீதம்தான். நார் குடிக்காத வேர்வை நாருக்கும் நாருக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடுக்குகள் வழியாக வெளிப்பக்கம் பரவி உலர்ந்துவிடும். கம்பளியோ 16 வீதம், பருத்தியைப்போல இரண்டு மடங்கு! அப்படியானால் மெரினோ என்ற மெல்லிய ஆட்டுக் கம்பளியை ஏன் எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள்? கம்பளி நார் நீராவியை உள்ளே இழுத்தாலும் அதன் மேற்பரப்பு தண்ணீரை ஒட்டவிடாது. தன் எடையில் 30 வீதம்வரை ஈரத்தை வாங்கியபிறகும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. நாரில் இயற்கையாகவே உள்ள சுருள், துணி தோலில் படிந்து ஒட்டாமல் காற்றைப் பிடித்து வைக்கும். வேர்வை நாறுவதும் குறைவு. குறை ஒன்று உண்டு: முழுக்க நனைந்துவிட்டால் உலர நேரமெடுக்கும்.

உங்களுக்கு வேர்த்துக் கொட்டுகிறது, ஓட்டமும் 40 நிமிடம்தான். எனவே மெல்லிய பொலியெஸ்ரர், அல்லது பொலியெஸ்ரரும் மெரினோவும் கலந்தது போதும். சதுர மீற்றருக்கு 150 கிராம் அளவு எடை சரியாக இருக்கும். 25 டொலருக்குக் கிடைப்பதே இந்த வேலையை நன்றாகச் செய்யும். நீண்ட நேரம் நடப்பவர்களுக்கும், நின்று நின்று போகும் மலைநடைக்கும் முழு மெரினோவுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். அதில் நாரின் தடிப்பு 18.5 மைக்ரோனோ அதற்குக் குறைவோ என்று பாருங்கள். நார் தடித்தால் தோல் அரிக்கும்.

நம்மில் பலருடைய வீட்டில் ஏற்கெனவே இருக்கும் யுனிக்லோ கடையின் ‘ஹீட்டெக்’ தேர்மலை ஓட்டத்துக்குப் போடலாமா என்றும் அடிக்கடி கேட்கிறார்கள். பஸ் தரிப்பிடத்தில் நிற்க அது அருமையான உடுப்பு. ஆனால் வழக்கமான ஹீட்டெக்கில் ரேயோன் கலந்திருக்கிறது. ரேயோன் பருத்தியைவிடவும் ஈரத்தை உறிஞ்சும். வேர்க்க வேர்க்க ஓடுபவருக்கு அது பொருந்தாது.

பெண்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்று. நல்ல பேஸ் லேயர் வாங்கி, அதற்குள் பருத்தி பிராவும் பருத்தி உள்ளாடையும் போட்டால் கொடுத்த காசு வீண். தடித்த ஸ்பொஞ்ச் வைத்த ஸ்போர்ட்ஸ் பிராவும் வேர்வையைப் பிடித்து வைக்கும். தோலில் படும் முதல் துணி எதுவோ, அதுவே உங்கள் பேஸ் லேயர். அளவும் முக்கியம்: துணி தோலைத் தொட்டால்தான் வேர்வையை எடுக்க முடியும். முதுகின் கீழ்ப்பள்ளத்திலும் அக்குளிலும் தொய்வு இல்லாமல், மூச்சு முட்டாமல் இருக்கட்டும்.

வீட்டிலுள்ள பொலியெஸ்ரர் ரீசேட் எதுவும் உதவுமா என்று பார்க்க, அதை உட்பக்கம் வெளியே தெரியும்படி விரித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில விநாடிகளில் ஒரு டொலர் நாணய அளவுக்கோ அதற்கு மேலோ பரவினால் நல்லது. முத்தாக உருண்டு நின்றால் அது வேர்வையையும் அப்படியேதான் விட்டுவைக்கும். இந்தச் சோதனை மெரினோவுக்குச் செல்லாது. புதிதில் நன்றாகப் பரவிய துணி பிறகு பரவாமல் போனால் துணி மென்மையாக்கியைச் சந்தேகியுங்கள். அதுவும், உலர்த்தும் இயந்திரத்தில் போடும் வாசனைத் தாளும் நாரின்மேல் மெழுகுபோல் படிந்து இடுக்குகளை அடைத்துவிடும். சலவைத்தூள் மட்டும் போதும்.

மேலே போடுவதையும் மாற்ற வேண்டும். அந்தக் குளிர்கால ஜக்கெற் ஆவியை வெளியே விடாது. மெல்லிய, கழுத்தில் சிப் வைத்த ஃபிளீஸும் காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜக்கெற்றும் போதும். வாசலைத் தாண்டி முதல் ஐந்து, பத்து நிமிடம் இலேசாகக் குளிர வேண்டும். அப்போதே இதமாக இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டுப் போங்கள். நடக்கத் தொடங்கும் முன்பே சிப்பை இழுத்து மூடிவிடுங்கள்.

வெப்பநிலையோடு காற்றின் வேகத்தையும் பாருங்கள். மைனஸ் 10இல் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று அடித்தால் முகத்துக்கு அது மைனஸ் 20. காற்றோடு சேர்த்த கணக்கு மைனஸ் 28ஐத் தொட்டால் திறந்த தோல் அரை மணிக்குள் உறைந்து புண்ணாகலாம் என்று கனடாவின் வானிலைத் துறை எச்சரிக்கிறது. அன்றைக்கு உள்ளரங்கில் ஓடுங்கள். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் குளிரில் ஓடலாமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள்.

வாரத்தில் மூன்று நாள் ஓடினாலும் பேஸ் லேயரில் இரண்டு மேற்சட்டையும் ஒரு காற்சட்டையும் போதும். மார்ச் மாதத்தை ஒட்டிக் கடைகள் குளிர்கால உடுப்புகளைக் கழிவு விலையில் தள்ளும். மெரினோ வேண்டுமானால் அப்போது வாங்கிக்கொள்ளலாம்.