எமெரிட்டஸா, எமெரிட்டாவா?

வணக்கம். எங்கள் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவரின் பெயரைக் கருத்தரங்க அழைப்பிதழில் 'எமெரிட்டஸ் பேராசிரியர்' (ஓய்வுக்குப் பின் பல்கலைக்கழகம் வழங்கும் மதிப்புப் பட்டம்) என்று அச்சிட்டோம். பெண்ணுக்கு 'எமெரிட்டா' என்றுதான் போடவேண்டும் என்கிறார் ஒருவர். 'மெரிட்' உள்ளே இருப்பதால் 'தகுதியால் பெற்ற பட்டம்' என்று பொருள் சொல்கிறார் இன்னொருவர். எது சரி?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பொருளை முதலில் பார்த்துவிடுவோம். லத்தீனில் 'மெரேரே' என்றால் ஈட்டுதல். ரோமப் படைவீரன் ஊதியத்துக்குப் பணிபுரிவதையும் இந்த வினையால்தான் சொன்னார்கள். முன்னால் 'எ' என்ற ஒட்டு சேர்ந்தால் 'முழுக்க ஈட்டி முடித்தல்', அதாவது படைப்பணிக் காலத்தை நிறைவுசெய்தல். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 13இல் அந்தக் காலத்தை 16 ஆண்டு என்று வகுத்தார், கி.பி. 5இல் அது 20 ஆனது. அதை முடித்து விடுபட்டவரே எமெரிட்டஸ். 'மெரிட்'டும் அதே வினையில் பிறந்ததுதான், ஆனால் இந்தப் பட்டம் சுட்டுவது பணிநிறைவை.

இலக்கணத்தைப் பொறுத்தவரை, நம் வினையாலணையும் பெயரை நினைத்துக்கொண்டால் போதும். முடித்தவன், முடித்தவள், முடித்தவர்கள் என விகுதி மாறுவதுபோல, ஆணுக்கு எமெரிட்டஸ், பெண்ணுக்கு எமெரிட்டா. பன்மையில் எமெரிட்டி; ஆணும் பெண்ணும் கலந்த குழுவுக்கும் இதுவே. பெண்கள் மட்டுமென்றால் எமெரிட்டே. ஸ்பெயினின் மெரிதா நகரைப் பாருங்கள். பணி முடித்த வீரர்களைக் குடியமர்த்த அகஸ்டஸ் கி.மு. 25இல் நிறுவிய 'எமெரிட்டா அகுஸ்தா' அது. குடியேறிய வீரர்கள் ஆண்கள், பெயரோ பெண்பால்! குடியேற்றத்தைக் குறிக்கும் 'கொலோனியா' பெண்பாற்சொல் என்பதால் அடைமொழியும் அதற்கு இயைந்துவிட்டது. லத்தீனில் எச்சம் எப்போதும் தான் தழுவும் பெயரின் பாலையும் எண்ணையும் ஏற்கும்.

இத்தாலியன், ஸ்பானிஷ் மொழிகளில் இந்த இயைபு இன்றும் உயிரோடிருக்கிறது. 2013இல் பதவி விலகிய போப் பதினாறாம் பெனடிக்ட் இத்தாலியனில் 'பாப்பா எமெரிதோ' (ஓய்வுபெற்ற போப்) ஆனார். ஜெர்மன் அதை 'எமெரிட்டீரன்' என்று தன் வினையாகவே ஆக்கிக்கொண்டது. ஆங்கிலத்தில் அடைமொழிக்குப் பால் கிடையாது. அதனால் அங்கே பெண்ணுக்கும் எமெரிட்டஸ் என்று எழுதுவது பிழையாகாது. எமெரிட்டா என்று எழுதும் பல்கலைக்கழகங்களும் உண்டு.

எனவே அம்மையாரின் நியமன ஆணையில் உள்ள வடிவத்தையே அச்சிடுங்கள். ஓய்வுபெற்ற எல்லாருக்கும் இதைச் சேர்த்துவிடக் கூடாது; பல்கலைக்கழகம் வழங்கினால்தான் உண்டு. ஒருவருக்கு மேற்பட்டவர்களைக் குறிக்கும்போது தமிழில் 'எமெரிட்டஸ் பேராசிரியர்கள்' போதும், 'எமெரிட்டி பேராசிரியர்கள்' என்று இரண்டிலும் பன்மை வேண்டாம். எமெரிட்டஸுக்குப் பதிலாகத் தமிழில் 'தகைசால் பேராசிரியர்' என்றே போட்டுவிட்டால் பால் பற்றிய கேள்வியே எழாது.