முதல் கிறிஸ்தவர்கள் சிலுவையை ஏன் அதிகம் வரையவில்லை?

ரோமின் நிலவறைக் கல்லறைகளில் மீனும் நங்கூரமும் மேய்ப்பனும் நிறைய இருக்க, சிலுவை மட்டும் ஏன் அரிது என்கிறீர்கள். சிலுவை அன்று அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்குமான கொலைக்கருவி; பார்ப்பவர்களுக்கு அது அவமானம்தான். ரோமின் பாலட்டைன் குன்றில் கிடைத்த ஒரு சுவர்க் கிறுக்கலில், கழுதைத் தலையோடு ஒருவன் சிலுவையில் தொங்குகிறான். பக்கத்தில், கிறிஸ்தவன் ஒருவனைப் பற்றிய கேலி: ‘அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்’.

மற்ற சின்னங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தவை. ஆட்டைத் தோளில் சுமக்கும் இளைஞன், கிரேக்கச் சிற்பிகள் இயேசுவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே செதுக்கிய உருவம். கி.பி. 200 வாக்கில் கிறிஸ்தவ ஆசிரியரான அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து, முத்திரை மோதிரத்தில் புறா, மீன், கப்பல், யாழ், நங்கூரம் பொறிக்கலாம் என்கிறார். வாளும் வில்லும் மதுக்கிண்ணமும் கூடாதாம்!

4ஆம் நூற்றாண்டில், கிறிஸ்தவத்தை ஆதரித்த ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துக்கு அப்புறம்தான் சிலுவை பரவலாக வெளியே வந்தது.