எஞ்சின் பிடித்துவிட்டது, இனி ஓட்டலாமா?

கேள்வி: அண்ணா, அப்பாவின் மொரிஸ் மைனர் எங்கள் வீட்டுத் தகரக் கொட்டகையில் 14 வருஷமாக நிற்கிறது. போன மாதம் புது பேட்டரி போட்டு, டேங்கைக் கழுவி, பெற்றோல் ஊற்றினேன், எஞ்சின் பிடித்துவிட்டது. பிரேக் ஒயில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது, நிரப்பி நாலைந்து தரம் பெடலை அமுக்கியதும் இறுக்கமாக வந்தது. பொங்கலுக்கு அம்மாவை ஏற்றிக்கொண்டு ரம்பொடை வழியாகக் கண்டிக்குப் போக ஆசை. பிரேக்கில் இன்னும் ஏதாவது பார்க்க வேண்டுமா?
– வாசகர், நானுஓயா

தம்பி, இந்த நிலையில் அந்தக் காரை வாசலைத் தாண்டி எடுக்க வேண்டாம். பெடல் இறுக்கமாக இருக்கிறதே என்று நம்பித்தான் நானும் ஒரு தரம் பழைய கார் ஒன்றை நுவரெலியாவிலிருந்து கீழே இறக்கினேன். ரம்பொடை வளைவுகளில் பாதி தூரம் வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அப்புறம் ஒரு வளைவில் காலை வைத்தேன், பெடல் நேராகத் தரைக்குப் போய்விட்டது. இரண்டாம் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப் பக்கத்துக் கானில் சக்கரத்தை விட்டு நிறுத்தினேன். அரை மணித்தியாலம் ஆறியதும் பெடல் பழையபடி இறுக்கமாக வந்துவிட்டது. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது, ஏனென்றால் அந்த நேரத்தில் யாராவது பரிசோதித்திருந்தால் பிரேக் நல்லாயிருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

காரணம் தண்ணீர். பிரேக் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும், நம்முடைய பனிக்கும் மழைக்கும் 14 வருஷம் என்றால் சொல்லவே வேண்டாம். புது டொட் 3 ஒயில் (டொட் என்பது பிரேக் ஒயிலின் தர எண்) குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரைக்கும் கொதிக்காது, ஆனால் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 140க்கு இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் ட்ரம் (சக்கரத்தோடு சுழலும் இரும்புக் கிண்ணம்) சூடேறி, அந்தச் சூடு பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டருக்குப் போய், உள்ளே ஆவி கட்டும். ஒயிலை அமுக்கினால் சுருங்காது, ஆவி சுருங்கும். காலை எவ்வளவு அமுக்கினாலும் அந்த ஆவிதான் சுருங்குமே தவிர, ட்ரம்மை உள்ளிருந்து அழுத்தும் சூ நகராது.

அதே தண்ணீர் இரும்பையும் தின்கிறது. உங்கள் காரில் முன் சக்கரத்துக்கு இரண்டிரண்டு, பின் சக்கரத்துக்கு ஒவ்வொன்று என்று மொத்தம் ஆறு வீல் சிலிண்டர். பெடலை அமுக்கும்போது ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, டிரைவரின் கால் கீழே தரைக்கு அடியில். மூன்று ரப்பர் ஹோஸ், முன்னுக்கு இரண்டு, பின் அச்சுக்கு ஒன்று. இத்தனையும் ஒரே லைனில் ஓடுகிறது, ஒரு இடம் விட்டால் நாலு சக்கரமும் போச்சு. அதனால் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதைப் பிறகு பார்ப்போம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதலில் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்து, ஜெக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் போட்டுத் தூக்குங்கள். ட்ரம் வராது, அனேகமாக சூவோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். ஹேண்ட் பிரேக்கை இறக்கி, சூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, சுற்றிவரச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருங்கள், ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பு வெடித்துவிடும். உள்ளே இருக்கும் தூசியை எயார் பிடித்து ஊத வேண்டாம், வாயாலும் ஊத வேண்டாம். சூவின் மேல் ஒட்டிய அந்தக் காலத்து லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கும், துணியை நனைத்துத் துடைத்து அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

இப்போது ஒரு வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நகத்தால் நெம்பிப் பாருங்கள். கருப்பும் காவியுமாகக் களி போல ஒன்று வழியும், நாட்பட்ட புளிக்கரைசல் மாதிரி, மணமும் கொஞ்சம் புளிப்பாக இருக்கும். பிஸ்டனை வெளியே எடுத்து, உள்சுவரை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். கண்ணாடி போல இருந்தால் புது கப் (ஒயில் கசியாமல் அடைக்கும் ரப்பர்) மட்டும் போதும். சின்னச் சின்னக் குழி தெரிந்தால் அதன் மேல் நகத்தை இழுங்கள், நகம் தடுக்கினால் அந்த சிலிண்டரையே மாற்ற வேண்டியதுதான். தேய்த்து மினுக்கிவிட்டுப் புது கப் போட்டுத் தருவதாகச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ள வேண்டாம். குழி ஆழமாக இருக்கும்போது அது இரண்டு மாதத்தில் ஒழுகும்.

நீங்கள் பெடலை நாலைந்து தரம் தரை வரைக்கும் அமுக்கியிருப்பீர்கள். மாஸ்டர் சிலிண்டரில் கப் வழக்கமாக ஓடும் நீளம் மட்டும்தான் வழவழப்பாக இருக்கும், அதற்கு அப்பால் துரு. பெடல் தரைக்குப் போகும்போது கப்பின் உதடு அந்தத் துருவில் ஏறிக் கிழிகிறது. அதனால் பெடலை இப்போது நம்ப முடியாது, மாஸ்டர் சிலிண்டரையும் கழற்ற வேண்டும். மைனரில் அது சேசிஸுக்குள் பதிந்திருக்கிறது, போல்ட்டை இழுக்க டோர்ஷன் பார் என்ற சஸ்பென்ஷன் கம்பி குறுக்கே நிற்கும், அதனால்தான் பல கராஜில் அதைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள்.

இரும்புக் குழாய்களைக் கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் பாருங்கள், சேறு தங்குவது அங்கேதான். துரு செதில் செதிலாக வந்தால் முழு லைனையும் செப்பு-நிக்கல் குழாயில் புதிதாக இழுத்துவிடுங்கள், மூன்று ஹோஸையும் அதோடு மாற்றுங்கள். சாமான் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடலாம், போகும்போது பழைய சிலிண்டரைக் கையோடு கொண்டு போங்கள், முன் ட்ரம் 7 அங்குலமா 8 அங்குலமா என்பதையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 1962இல் அது மாறியது, இரண்டுக்கும் சூ வேறு.

லைனில் சிக்கிய எயாரை வெளியே எடுப்பதற்கு முன் சூ எல்லாவற்றையும் அட்ஜஸ்டரில் ட்ரம்மோடு இறுக்கிவிடுங்கள், வேலை சுலபமாகும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பின் இடது சக்கரம்தான் தூரம், அதில் தொடங்கி பின் வலது, முன் இடது, கடைசியில் முன் வலது. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள், தரைக்குப் போகாமல் அது தடுக்கும். பெடலில் உட்காருபவரை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்: “அமுக்கிட்டேன்” என்றதும் நீங்கள் நிப்பிளை (வீல் சிலிண்டரில் எயார் வெளியேறும் சின்னத் திருகு) திறந்து மூட வேண்டும், “மூடிட்டேன்” என்று நீங்கள் சொன்ன பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். நிப்பிளிலிருந்து குழாய் இறக்கிய போத்தலில் குமிழி நின்று, தெளிந்த ஒயில் வரும் வரைக்கும். அப்புறம் சூவைத் திரும்பத் தளர்த்தி, சக்கரம் சுதந்திரமாகச் சுழல்கிறதா என்று பார்த்து, ஒரு நிமிஷம் பெடலை அழுத்திப் பிடியுங்கள். மெல்ல இறங்கினால் எங்கேயோ விடுகிறது.

கேள்வி: பிரேக் ஒயில் கைவசம் இல்லாத நேரம் கொஞ்சம் எஞ்சின் ஒயில் ஊற்றினால் சமாளிக்கலாமா? டொட் 5 தான் பெரிய நம்பர், அதுதான் நல்லதா?
– வாசகர், பதுளை

இரண்டும் வேண்டாம். எஞ்சின் ஒயில், பெற்றோல், மண்ணெண்ணெய் எது பட்டாலும் பிரேக் ரப்பர் ஊதிப் பருத்துவிடும், ஒரு தேக்கரண்டி போனாலும் எல்லா கப்பையும் ஹோஸையும் மாற்ற வேண்டி வரும். கழுவுவதற்கு ஸ்பிரிட் அல்லது பிரேக் ஒயில் மட்டும். டொட் 5 சிலிக்கோன் வகை, மற்றதோடு சேராது. டொட் 5.1 என்பது வேறு, அது டொட் 4 குடும்பம். நம் மலைகளுக்கு டொட் 4 போதும், சீல் உடைக்காத போத்தலாக வாங்குங்கள், பாதி மீந்து ராக்கையில் நின்றதை ஊற்ற வேண்டாம். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கேள்வி: எல்லா கப்பும் மாற்றினோம், ஐந்து மைல் ஓடியதும் முன் இடது சக்கரம் பிடித்துக்கொண்டு மணக்கிறது, ஆறினால் சரி. கராஜில் சூவைத்தான் குறை சொல்கிறார்கள்.
– வாசகர், ஹட்டன்

ஒரு சக்கரம் மட்டும் என்றால் முதலில் ஹோஸைச் சந்தேகிப்பேன். வெளியே நல்லாயிருக்கும், உள்சுவர் ஊதி அடைத்துவிடும். கால் அமுக்குவது பலமானது, ஒயில் போய்விடும், திரும்பி வர ஸ்பிரிங்கின் பலம் போதாது. பிடித்திருக்கும்போதே அந்தச் சக்கரத்தின் நிப்பிளைத் திறந்து பாருங்கள். ஒயில் பீறி சக்கரம் விட்டால் சூ குற்றமில்லை. அடுத்த தரம் பிடிக்கும்போது ஹோஸுக்கு முன்னால் இரும்புக் குழாய் சேருமிடத்தைத் தளர்த்துங்கள், அப்போதும் விடாமல் நிப்பிளில் மட்டும் விட்டால் ஹோஸ்தான். நாலு சக்கரமும் பிடித்தால் வேறு கதை: பெடலில் சின்ன ஆட்டம் இல்லாமல் இறுக்கியிருப்பார்கள், அல்லது மாஸ்டர் சிலிண்டரில் ஒயில் திரும்பி வரும் ஊசித் துளை அடைத்திருக்கும்.

கேள்வி: ஒன்பது வருஷம் நின்ற ஒஸ்டின் மினி. கிளச் பெடல் கீழேயே கிடக்கிறது, கியர் விழவில்லை. பிளேட் போச்சா?
– வாசகி, பண்டாரவளை

அவசரப்பட்டு எஞ்சினை இறக்க வேண்டாம் அக்கா. மினியில் கிளச்சும் ஒயிலில்தான் வேலை செய்கிறது. டிரைவர் பக்கக் கார்ப்பெட்டைத் தூக்கி பெடலுக்கு மேலே கையால் தடவுங்கள், ஈரமாக வழுக்கினால் கிளச் மாஸ்டர் சிலிண்டர். கிளச் பக்கம் இருக்கும் சின்ன சிலிண்டரின் ரப்பரையும் தள்ளிப் பாருங்கள், இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். பெடல் நல்ல உயரத்தில் வந்தும் கியர் விழாவிட்டால்தான் பிளேட் துருவில் ஒட்டியிருக்கிறது என்று எண்ண வேண்டும்.

நானுஓயா தம்பிக்கு இன்னொன்று. வேலை முடிந்ததும் உடனே ரம்பொடைக்கு வேண்டாம். முதலில் தோட்டத்து மைதானத்தில், பிறகு டவுனைச் சுற்றி ஒரு வாரம். இறங்கும் நாளில் ஏறுவதற்குப் போடும் கியரிலேயே இறங்குங்கள், காலைப் பிரேக்கிலேயே வைத்திருக்காமல் அமுக்கி, விட்டு, அமுக்கி. புசல்லாவையில் நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் காட்டிப் பாருங்கள், ஒன்று மட்டும் மற்றதை விட அனலடித்தால் அங்கேயே அம்மாவுக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டு அதை ஆற விடுங்கள்.